ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டதா?

டீசல் பம்புசெட், பவர் டில்லர், டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளிடம் "எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "நன்றாகக் கறுத்த பிறகு மாற்றுவேன்" என்பது ஒன்று. "மாற்றுவது கிடையாது, குறையக் குறைய ஊற்றிக்கொள்வேன்" என்பது மற்றொன்று. இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "இன்னும் பசை இருக்கிறது, இந்தப் போகம் தாங்கும்" என்று முடிவு செய்பவர்களும் உண்டு. நிறம், அளவு, பசை ஆகிய இம்மூன்றும் ஆயிலின் வயதைச் சரியாகக் காட்டுவதில்லை. சில சமயம் நேர்மாறாகவே காட்டிவிடும். நடவு முடிந்து பயிர் தண்ணீருக்கு ஏங்கும் வாரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் நஷ்டம் எஞ்சினோடு போவதில்லை. ஆகையால் ஆயில் எவ்வாறு பழசாகிறது என்பதைச் சிறிது விவரமாகவே தெரிந்துகொள்வது நல்லது.

ஆயில் சுமக்கும் வேலை

5 குதிரைசக்தி கொண்ட ஒரு பம்புசெட் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் 90,000 சுற்று சுற்றுகிறது. பிஸ்டன் ஒரு முறை ஏறும் தூரம் 110 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறி இறங்க 220 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் பிஸ்டன் ரிங்குகள் லைனர் சுவரில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம் உரசுகின்றன. 250 மணி நேரம் ஓடினால் 5000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏழு முறை போகிற தூரம் இது. இவ்வளவு தூரத்திலும் இரும்பும் இரும்பும் நேரே தொடாமல் காப்பது, சில மைக்ரான் பருமனே உள்ள ஒரு ஆயில் படலம். நம் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வேகமாக நகரும் இடங்களில் இந்தப் படலம் தானாகவே உருவாகிவிடும். சுழலும் தண்டு தனக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயிலை இழுத்துக்கொண்டு அதன் மேல் மிதந்து ஓடும். அங்கே படலம் நிலைப்பது ஆயிலின் கெட்டித்தன்மையைப் (பாகுநிலை) பொறுத்தது. ஆனால் பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்று விடுகிறது. அங்கே வேகம் இல்லை; சூடும் அழுத்தமும் மிக அதிகம். படலம் ஏறக்குறைய அறுந்தே போகும். எஞ்சினைப் பிரிக்கும்போது மெக்கானிக் லைனரின் மேற்பகுதியில் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நகம் தட்டும் அந்த வரப்புதான், படலம் அறுந்த இடத்தில் லைனர் தேய்ந்ததற்கு அடையாளம்.

படலம் அறும் இடத்தைக் காப்பதற்கென்றே ஆயிலில் ஒரு மருந்து கலந்திருக்கிறது. துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த கூட்டுப்பொருள் அது. சூடும் உராய்வும் ஏற்படும் இடத்தில் மட்டும் இது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சாகப் படியும். இரும்புக்குப் பதிலாக இந்தப் பூச்சு தேயும். தேயத் தேய ஆயிலிலிருந்து புதுப்பூச்சு படியும். இவ்வாறு மருந்து செலவாகிக்கொண்டே போகிறது. அழுக்கு படியாமல் கழுவ ஒரு மருந்து, கரியைத் துகள் துகளாகப் பிரித்து மிதக்க வைக்க ஒன்று, அமிலத்தை முறிக்க ஒன்று என்று இன்னும் பல சரக்குகளும் ஆயிலில் உண்டு. ஆயில் பழசாவது என்றால் இந்தச் சரக்குகள் தீர்வதும், வேண்டாத சரக்குகள் வந்து சேர்வதும்தான்.

இங்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பூச்சு படிவதற்கு எஞ்சின் சிறிது காலம் ஓட வேண்டும். அதனால் புதிதாக ஊற்றிய ஆயிலைவிட ஓரளவு ஓடிய ஆயிலில் தேய்மானம் குறைவாக இருப்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 250 மணி நேரம் தாங்கும் ஆயிலை 50 மணிக்கு ஒரு தடவை மாற்றுவதால் எஞ்சினுக்கு லாபமில்லை. பணம்தான் வீண். புது எஞ்சினுக்கும், ரிங், லைனர் மாற்றிய எஞ்சினுக்கும் மட்டும் முதல் மாற்றத்தைச் சீக்கிரம் செய்துவிட வேண்டும். புதுப்பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் உலோகத்தூள் ஆயிலில்தான் சேரும். கையேட்டில் முதல் மாற்றத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய மணிக்கணக்கு கொடுத்திருப்பது இதனால்தான்.

ஆயிலைக் கிழடாக்கும் காரணங்கள்

முதலாவது சூடும் காற்றும். தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் என்ன ஆகிறது? நிறம் கறுத்து, கனத்து, சட்டி ஓரத்தில் பிசினாக ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஆயிலும் அப்படியே காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கெட்டியாகிறது. 10 டிகிரி சூடு கூடினால் இந்த மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. கெட்டியான ஆயிலைக் கடைந்து சுழற்றவே எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதி போய்விடும். டீசல் செலவு கூடும். ரிங் அமரும் பள்ளத்தில் பிசின் படிந்து ரிங் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் கீழே கசியும். அந்தச் சூட்டில் ஆயில் இன்னும் வேகமாகக் கெடும்.

இரண்டாவது புகைக்கரி. டீசல் எரியும்போது உண்டாகும் மிக நுண்ணிய கரி ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. ஆயில் கறுப்பது பெரும்பாலும் இதனால்தான். நல்ல ஆயிலின் வேலையே இந்தக் கரியைப் பிடித்துத் தன்னுள் மிதக்க வைப்பதாகும். ஆகையால் டீசல் எஞ்சினில் ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். மிதக்க வைக்கும் மருந்து தீர்ந்த பிறகுதான் ஆபத்து. அப்போது கரித்துகள்கள் திரண்டு வண்டலாகும். மேலே சொன்ன பூச்சையும் சுரண்டும். கறுப்பில் இந்த இரண்டு நிலைகளையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

மூன்றாவது அமிலம். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து, தண்ணீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகி பேரிங்குகளை அரிக்கும் என்று பழைய கையேடுகளில் படித்திருப்பீர்கள். 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கந்தகத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தந்தையார் காலத்தில் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றியதற்கு இது ஒரு காரணம். இன்று அந்தக் காரணம் பெரிதாக இல்லை. ஆனால் ஆயில் தானே கெடும்போது உண்டாகும் அமிலங்கள் முன்போலவே இருக்கின்றன.

நான்காவது தண்ணீர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. எஞ்சின் சூடாக இருந்தால் இது புகையோடு போய்விடும். குளிர்ந்திருந்தால் ஒரு பகுதி சுவரில் வியர்த்து ஆயிலில் இறங்கும். நம் பம்புசெட்டுகளில் இந்தத் தொல்லைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இறைக்கும் கிணற்றுத் தண்ணீரிலேயே ஒரு பகுதியை எஞ்சின் ஜாக்கெட்டுக்குள் விட்டு வெளியே ஓடவிடுகிறோம். குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் எஞ்சின் சில்லென்று இருக்கும். "கை வைத்தால் குளுகுளு என்று இருக்கிறது, எஞ்சினுக்கு நல்லது" என்று பலர் நினைக்கிறார்கள். நல்லதல்ல. டீசல் சரியாக எரியாது; லைனர் சுவரில் தண்ணீர் வியர்க்கும்; ஆயிலில் வண்டல் சேரும்; லைனர் அரிக்கும். ஜாக்கெட்டுக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு பொருத்தி, வெளியேறும் தண்ணீர் 60 டிகிரிக்கு மேல், அதாவது அதில் கையைத் தொடர்ந்து பிடிக்க முடியாத சூட்டில் வருமாறு குறைத்து வைக்க வேண்டும். கொதிக்கும் அளவுக்குப் போகக் கூடாது. ஓட்டம் நின்றுவிடவும் கூடாது. இந்த ஒரு வால்வு ஆயிலையும் காக்கும், டீசலையும் மிச்சப்படுத்தும்.

ஐந்தாவது டீசல் கலப்பு. நாசில் சொட்டினாலும், பம்பு பிளஞ்சர் தேய்ந்து கசிந்தாலும் எரியாத டீசல் ஆயில் தொட்டியில் இறங்கும். மூன்றரை லிட்டர் ஆயிலில் ஒரு டம்ளர் டீசல் கலந்தாலே நூற்றுக்கு ஐந்து பங்கு ஆகிவிடுகிறது. 40-ம் எண் ஆயில் இந்த அளவில் ஏறக்குறைய ஒரு படி இறங்கி 30-ம் எண் ஆயிலைப்போல் ஆகிவிடும். படலம் மெலிந்து பேரிங் தேயத் தொடங்கும்.

தூசியை ஆறாவதாகச் சொன்னாலும் தேய்மானத்தில் அதற்கே முதல் இடம் கொடுக்க வேண்டும். நம் புழுதியில் உள்ள மணல் துகள், லைனர் இரும்பைவிடக் கடினமானது. படலத்தைவிடப் பருமனான ஒரு துகள் ஆயிலில் கலந்தால் அது இரண்டு பக்கத்தையும் கீறிக்கொண்டே சுற்றும். புழுதி உழவிலும், கதிரடிப்பிலும், நிலக்கடலை பிரிக்கும் களத்திலும் ஓடும் எஞ்சின்களுக்கு இது அதிகம். காற்று வடிகட்டிக் கிண்ணத்திலுள்ள ஆயிலும் பழசாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிண்ணத்தின் அடியில் சேறு தட்டினால், அந்த ஆயில் மேற்கொண்டு தூசியைப் பிடிக்காது. புழுதி வேலை நாட்களில் கிண்ணத்தைத் தினமும் திறந்து பார்க்க வேண்டும். கிண்ணத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால் வடிகட்டி இருந்தும் பயனில்லை.

இன்னொரு விஷயம். டிராக்டர் எஞ்சினில் ஆயில் வடிகட்டி இருக்கிறது. பல சிறிய பம்புசெட் எஞ்சின்களில் அது கிடையாது. ஒரு கம்பி வலை மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. அத்தகைய எஞ்சினில் உள்ளே வந்த மணல் வெளியே போக ஒரே வழி, ஆயிலை வடிப்பதுதான். குறைந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தால் மருந்துச் சரக்கு ஓரளவு புதுப்பிக்கப்படும் என்பது உண்மை. மணலும் உலோகத்தூளும் வண்டலும் போகாது.

விரல் ஏமாற்றும் விதம்

கரியும் சூடும் ஆயிலைக் கெட்டியாக்குகின்றன. டீசல் கலப்பு அதை நீர்க்கச் செய்கிறது. இரண்டும் ஒரே எஞ்சினில் நடந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். விரலில் தேய்த்தால் புது ஆயில் போலவே பசை இருக்கும். உண்மையில் இரண்டு நோய் முற்றிய ஆயில் அது! மேலும், காலையில் குளிர்ந்த எஞ்சினில் தொட்டுப் பார்ப்பதற்கும் ஓடி நின்ற சூட்டில் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. சுமார் 40 டிகிரி சூட்டிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது 40-ம் எண் ஆயிலின் கெட்டித்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. விரல் 40 டிகிரியில் பார்க்கிறது. பேரிங் 100 டிகிரியில் வேலை செய்கிறது.

அளவுக் குச்சியிலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. "என் எஞ்சின் ஆயிலே குடிப்பதில்லை, இரண்டு மாதமாகக் கோடு இறங்கவில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பயிற்சி முகாம்களில் சந்திக்கிறேன். ஓடும் எஞ்சினில் சிறிதளவாவது ஆயில் குறையவே செய்யும். கொஞ்சமும் குறையாவிட்டால், குறைந்த இடத்தில் வேறு ஏதோ வந்து நிரம்புகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். கோடு ஏறினால் சந்தேகமே வேண்டாம். உள்ளே டீசலோ தண்ணீரோ இறங்குகிறது. குச்சியை முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை தெரியலாம். ஆயில் மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்து, ஆயிலை மாற்றிய பிறகே எஞ்சினை ஓட்ட வேண்டும். ஆயிலை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் பழைய கதைதான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

எஞ்சின் ஓடி நின்ற சூட்டில் அளவுக் குச்சியை எடுத்து, ஒரு சொட்டு ஆயிலை மை ஒற்றும் தாளிலோ வடிதாளிலோ விழச் செய்யுங்கள். தாளின் அடிப்புறம் எதையும் தொடாமல் ஒரு டம்ளர் வாயின் மேல் வைத்து, தூசி படாத இடத்தில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே புது ஆயிலில் ஒரு சொட்டு வைத்து ஒப்பிடுவது நல்லது.

கறுப்பு நடுவிலிருந்து வெளியே சீராகப் பரவி, ஓரத்தில் மெல்ல மங்கி முடிந்தால், எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கரியை மிதக்க வைக்கும் சக்தி ஆயிலில் இன்னும் இருக்கிறது. நடுவில் தார்ப்பொட்டு வைத்தாற்போல் அடர்ந்த கறுப்பு நின்று, அதன் விளிம்பு கூர்மையாக வெட்டினாற்போல் இருந்து, அதற்கு வெளியே வெறும் எண்ணெய்க்கறை மட்டும் பரவியிருந்தால் அந்தச் சக்தி தீர்ந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும். விளிம்பு சீரில்லாமல் பிசிறு பிசிறாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். அதை உறுதி செய்ய, ஒரு பழைய இரும்புத் தகட்டைத் தண்ணீர் தெளித்தால் குதித்து ஆவியாகும் அளவுக்குச் சூடாக்கி, வெட்டவெளியில், எட்ட நின்று ஒரே ஒரு சொட்டு ஆயிலை விட்டுப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு பொரிவதுபோல் பொரியும். இதைச் சமையலறையில் செய்ய வேண்டாம்.

தாள் சோதனை மணலையும் உலோகத்தூளையும் சரியாகக் காட்டாது. ஆகையால் தாள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கையேட்டில் கண்ட மணிக்கணக்கைத் தாண்டி ஓட்டக் கூடாது. கணக்கு முடியும் முன்பே ஆயில் கெட்டிருக்கிறதா என்று அறியத்தான் இச்சோதனை.

மணிக்கணக்கு

கையேட்டில் உள்ள மணிக்கணக்குதான் அடிப்படை. டிராக்டர்கள் பலவற்றுக்கு 250 மணி என்றும், சிறு எஞ்சின்கள் சிலவற்றுக்கு 100 மணி என்றும் குறித்திருப்பார்கள். எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும். அடுத்த வீட்டுக்காரர் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் எஞ்சினை ஓட்டக் கூடாது. பம்புசெட்டில் மணி காட்டும் மீட்டர் இருக்காது. பம்பு அறையில் ஒரு காலண்டரையும் பென்சிலையும் தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளும் ஓடிய மணியைத் தேதியின் மேல் எழுதி வைத்தால் போதும். கோடையில் நாளைக்கு 8 மணி நேரம் ஓடும் எஞ்சினுக்கு 100 மணி என்பது பதின்மூன்றே நாள்! மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

டிராக்டரில் மீட்டர் இருந்தாலும் ஒரு எச்சரிக்கை தேவை. கேபிளால் ஓடும் பழைய வகை மீட்டர்கள், எஞ்சின் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் சுற்றும்போதுதான் ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். டீக்கடை வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்திவிட்டு ஊர்க்கதை பேசும் நேரம் மீட்டரில் பாதிகூட ஏறாது. ஆனால் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போதுதான் டீசல் சரியாக எரியாமல் கரியும் டீசல் கலப்பும் அதிகமாகின்றன. அப்படி ஓடும் வண்டிக்கு மீட்டர் 200 காட்டும்போதே மாற்றிவிடுவது என் யோசனை. புழுதி வேலை அதிகமிருந்தாலும் அவ்வாறே.

மணிக்கணக்கு முடியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மாற்றியாக வேண்டும். கையேட்டில் ஆறு மாதம் என்றிருந்தால் ஆறு மாதம்.

நிற்கும் எஞ்சினிலும் ஆயில் கெடும்

வாய்க்கால் பாசனத்துக்குத் துணையாக மட்டும் எஞ்சின் வைத்திருப்பவர்கள், போகம் முடிந்ததும் எஞ்சினை மூடிப்போட்டு வைத்துவிட்டு, அடுத்த போகம் தொடங்கும்போது ஆயிலை மாற்றுவது வழக்கம். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஓடிய ஆயிலில் அமிலமும் தண்ணீரும் இருக்கின்றன. நான்கைந்து மாதம் எஞ்சின் நிற்கும்போது அவை பேரிங்கின் மேலும் லைனரின் மேலும் உட்கார்ந்து அரித்துக்கொண்டிருக்கும். போகம் முடிந்த அன்றே சூட்டோடு வடித்து, புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓட்டி எல்லா இடத்துக்கும் புது ஆயில் பரவிய பிறகு எஞ்சினை நிறுத்தி வைக்க வேண்டும். அடுத்த போகத்தின் ஆரம்பத்தில் மறுபடி மாற்றத் தேவையில்லை. அளவு பார்த்து ஓட்டலாம். ஆண்டுச் செலவு அதேதான்; மாற்றும் நாள் மட்டும்தான் வேறு. நடுவில் மாதம் ஒரு முறை கையால் சில சுற்றுகள் சுற்றிவிடுவது நல்லது.

சேற்றுழவும் கியர் ஆயிலும்

எஞ்சின் ஆயிலைப் பார்ப்பவர்கள்கூட பவர் டில்லரின் கியர் பெட்டியையும் ரோட்டவேட்டரின் பக்கப் பெட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. அங்கே கரி கிடையாது, சூடும் குறைவு. ஆனால் சேற்றுழவில் சேறும் தண்ணீரும் ஆயில் சீல் வழியாக உள்ளே போகின்றன. ரோட்டவேட்டர் தண்டில் சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் கம்பியும் சீலை அறுத்துவிடுகின்றன. தண்டில் சுற்றியதை அன்றன்றே அறுத்து எடுத்துவிட வேண்டும். சேற்றுழவுக் காலம் முடிந்ததும் வடி திருகைச் சிறிது தளர்த்தினால் முதலில் தண்ணீர் சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஆயில் வெளுத்திருந்தால் சீலையும் ஆயிலையும் சேர்த்து மாற்ற வேண்டும். வடி திருகில் காந்தம் இருந்தால் அதில் மாவு போன்ற தூள் ஒட்டியிருப்பது இயல்பு. செதில் செதிலாக இருந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைந்து வருகிறது என்று பொருள்.

மாற்றும்போதும் வாங்கும்போதும்

எஞ்சின் சூடாக இருக்கும்போது, மட்டமான தரையில் நிறுத்தி, கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் வண்டல் அடியிலேயே தங்கிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் வழக்கம். உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை முதல் நாளே நீர்க்கச் செய்துவிடும். பெயர்ந்த வண்டல் கம்பி வலையை அடைத்துவிடலாம். சூட்டில் நன்றாக வடித்தால் இந்தக் கழுவல் தேவையில்லை. வடிகட்டி உள்ள எஞ்சினில் அதையும் உடன் மாற்றுங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஆயில் நின்றுவிடாமல் இருக்க ஒரு மாற்றுவழி வால்வு திறந்துகொள்ளும். அதன் பிறகு வடிகட்டப்படாத ஆயில்தான் பேரிங்குக்குப் போகும். மேல் கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது. அதிகமான ஆயிலைக் கிராங்க் கடைந்து நுரைக்கச் செய்யும். நுரையில் படலம் நிற்காது.

டப்பாவில் எஸ்.ஏ.இ. எண்ணும் ஏ.பி.ஐ. எழுத்தும் அச்சிட்டிருக்கும். முதலாவது கெட்டித்தன்மை, இரண்டாவது தரம். சி.எப்-4, சி.எச்-4 என்று 'சி'யில் தொடங்குவது டீசல் எஞ்சினுக்கு. 'எஸ்'ஸில் தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு. கையேட்டில் உள்ள இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். பழைய ஆயிலைத் துணியில் வடித்துத் தெளியவைத்து 'லூஸ்' என்று விற்பவர்களிடம் ஏமாறக் கூடாது. வடித்தால் மண்ணும் கரியும் ஓரளவு போகும். தீர்ந்த மருந்து திரும்பி வராது, கலந்த டீசலும் பிரியாது. முறையான ஆலையில் மறுசுத்திகரிப்பு செய்து, மருந்து சேர்த்து, தரம் குறித்து விற்கும் ஆயில் வேறு. அதில் குறை சொல்வதற்கில்லை. டிரம்மை வெயிலிலும் மழையிலும் நிமிர்த்தி வைத்தால், பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும்போது மூடிமேல் தேங்கிய தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த டிரம்மில் உள்ள ஆயில் எஞ்சினுக்குப் போகும் முன்பே பழசாகிவிட்டது. டிரம்மை நிழலில் படுக்கவைக்க வேண்டும்.

வடித்த ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. சிறிதளவு ஆயிலும் பெருமளவு தண்ணீரைக் குடிக்க லாயக்கில்லாமல் செய்துவிடும். அதில் கரியோடு, தோலுக்குக் கெடுதலான பொருள்களும் உலோகத்தூளும் கலந்திருக்கின்றன. மாட்டுப் புண்ணுக்குத் தடவுவது, கொசுவுக்காகக் குட்டையில் ஊற்றுவது, அடுப்பெரிக்க விறகில் ஊற்றுவது ஆகிய பழக்கங்களை விட்டுவிட வேண்டும். மூடியுள்ள டப்பாவில் தண்ணீரும் டீசலும் கலக்காமல் சேர்த்து வைத்து, அனுமதி பெற்று ஆயில் சேகரிப்பவரிடமோ, அவருக்குக் கொடுக்கும் ஒர்க்ஷாப்பிலோ ஒப்படைத்துவிடுங்கள். ஆயில் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டீசலில் கழுவுவது தோலுக்கு இன்னும் கெடுதல்.